ரயில் நின்ற ஊரும் தண்ணீர் இறங்கும் ஊரும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு முட்டுக்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? போகாமல் இருப்பீர்களா! மாமல்லபுரம் போகிற வழியில், கடலும் காயலும் கைகோத்துக்கொள்கிற இடத்தில், படகுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றிருப்பீர்கள். படகு ஏறியதும் சின்னவன் கையைத் தண்ணீரில் விடுவான். நீங்கள் அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொள்வீர்கள். "ஏம்மா, இவ்வளவு தண்ணியும் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்பான். "கடல்லேயிருந்துதான், வேறே எங்கேயிருந்து?" என்று பதில் சொல்லியிருப்பீர்கள்.

பாதி பதில்தான் சரி. மீதிப் பாதி தாம்பரத்திலிருந்து வந்தது!

சிரிக்காதீர்கள், சகோதரிகளே. தாம்பரம் எங்கே, முட்டுக்காடு எங்கே? ஒன்று மின்சார ரயில் வந்து நிற்கிற ஊர். மற்றொன்றில் ரயிலின் கூவல்கூடக் கேட்டதில்லை. ஆனாலும் இந்த இரண்டு ஊருக்கும் ஒரு பழைய சொந்தம் உண்டு. ஒரு ரயில் ஸ்டேஷனைச் சுற்றி எப்படி ஒரு நகரம் முளைத்தது என்ற கதையைச் சொல்லத்தான் உங்களைப் படகில் ஏற்றினேன். கதை முடிகிறபோது மறுபடியும் இதே படகுத்துறையில் வந்து இறங்குவோம்.

*

முதலில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் போவோம். செங்கற்பட்டு ஜில்லாவில் அப்போது தெற்கே போக இரண்டு வழிகள் உருவாகிக்கொண்டிருந்தன. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காலத்துப் பிள்ளைகள்.

ஒன்று தண்ணீர் வழி. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கிய சிறு கால்வாய், வருஷத்துக்கு வருஷம் வடக்கும் தெற்கும் நீண்டது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் ஜனங்களை வாட்டியது. அப்போது பசித்தவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுப்பதற்காக, நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்த் துண்டை வெட்டினார்கள். அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். முட்டுக்காட்டுக் காயல் அந்த வழியில் ஒரு கண்ணி. விறகும் உப்பும் நெல்லும் சவுக்குக் கட்டைகளும் படகில் ஏறிப் பட்டணத்துக்குப் போயின. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கரையில் ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பார்கள். பாரதிதாசன் 1930-களில் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனதைப் பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறார்.

மற்றொன்று இரும்பு வழி. 1870-களில் தென்னிந்திய ரயில்வே, சென்னையிலிருந்து செங்கற்பட்டு, திண்டிவனம் என்று மீட்டர் கேஜ் தடத்தைப் போட்டுக்கொண்டு தெற்கே இறங்கியது. அது கடற்கரைப் பக்கம் வரவில்லை. உள்நாட்டு வழியாகப் பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் என்று போய்விட்டது.

இந்த இடத்தில்தான் இரண்டு பக்கத்துத் தலையெழுத்தும் பிரிந்தது. படகில் ஏறியவர் எப்போது போய்ச் சேருவார் என்பது காற்றுக்கும் கயிறு இழுப்பவருக்கும்தான் தெரியும். ரயிலில் ஏறியவருக்கோ கையில் அட்டவணை இருந்தது. ஜனங்கள் எதை நம்புவார்கள், நீங்களே சொல்லுங்கள்! கடற்கரைச் சிற்றூர்கள் சவுக்குத் தோப்பு நிழலில் தூங்கிக்கொண்டே இருந்தன. ரயில் பாதையோரத்துக் கிராமங்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. பிற்காலத்தில் சென்னை நகருக்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட இடம் தேடியபோது, பக்கிங்காம் கால்வாயின் மேலேயே நட்டார்கள். தண்ணீர் வழியை ரயில் வழி எந்த அளவுக்கு ஜெயித்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

*

தடம் வந்த புதிதில் தாம்பரம் பெரிய ஊர் ஒன்றும் அல்ல. சுற்றிலும் ஏரிகள், ஏரிக்குக் கீழே நெல் வயல், மேட்டில் புதர்க்காடு. பக்கத்து மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில். சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று ஊருக்கு ஓர் ஏரி.

ரயில் நின்றால் மட்டும் ஊர் முளைத்துவிடாது. இறங்குவதற்கு ஒரு காரணம் வேண்டும். இந்தப் பாதையில் அந்தக் காரணங்கள் ஸ்டேஷன் பெயர்களிலேயே எழுதியிருக்கின்றன. குரோம்பேட்டை என்பது பழங்காலத்து ஊர்ப்பெயர் அல்ல. சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் நடத்திய குரோம் லெதர் கம்பெனி, தோல் பதனிடும் தொழிற்சாலை, அங்கே இருந்தது. அந்தக் குரோம்தான் பேட்டையாயிற்று. அடுத்த ஸ்டேஷனுக்கோ ஊர்ப்பெயரே கிடையாது. 'தாம்பரம் சானடோரியம்' என்று ஓர் ஆஸ்பத்திரியின் பெயரே பலகையில் ஏறிக்கொண்டது.

அந்த ஆஸ்பத்திரியின் கதையைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.

டேவிட் சௌரிமுத்து என்ற தமிழ் டாக்டர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோய்க்கு ஒரு சானடோரியம் நடத்திவந்தார். நம்முடைய கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜில் நோயுற்றபோது, அவர் சிகிச்சைக்காக அனுப்பப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. அந்த டாக்டர் தாய்நாட்டுக்குத் திரும்பி 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை ஆரம்பித்தார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல்தான். அதற்கு முன்னால் காசநோய்க்கு மருந்து என்ன? நல்ல காற்று, வெயில், ஓய்வு, பால், முட்டை. பட்டணத்துப் புகைக்கு எட்டாத இடமாகவும் இருக்க வேண்டும், நோயாளியைக் கொண்டுபோக ரயிலும் இருக்க வேண்டும். தாம்பரத்தில் இரண்டும் இருந்தன. 1937-இல் அரசாங்கம் அதை ஏற்று நடத்தத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் 'சானடோரியம்' என்ற வார்த்தையை வீட்டில் உரக்கச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்த மருமகளுக்கு இருமல் நிற்கவில்லையென்றால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதும், பெண் பார்க்க வருகிறவர்களிடம் அத்தையின் நோயை மறைப்பதும் எத்தனை குடும்பங்களில் நடந்திருக்கும்! அந்த ஸ்டேஷனில் கணவனை இறக்கிவிட்டு, அடுத்த ரயிலில் குழந்தைகளோடு தனியே திரும்பிய பெண்களை நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கதைக்கு ஒரு நல்ல முடிவும் சென்னையிலேயே கிடைத்தது என்பதை நாம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் அதிகமாக நோய் தொற்றவில்லை. 1959-இல் இந்த முடிவு வெளியானதும், காசநோயாளியை வீட்டை விட்டுப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணமே உலகெங்கும் மாறத் தொடங்கியது. தாம்பரத்து ஆஸ்பத்திரி நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக இன்றும் வேலை செய்கிறது. ஸ்டேஷன் பெயரும் மாறவில்லை. ஒரு காலத்தில் பயந்து சொன்ன பெயரை, இன்று ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டே சொல்கிறோம்.

*

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கல்லூரி வந்தது. பட்டணத்து ஜார்ஜ் டவுனில் இடம் போதாமல் நெருக்கிக்கொண்டிருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. சுமார் 365 ஏக்கர் புதர்க்காடு. ரசாயனப் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே தேடித் தேடி மரம் வளர்த்தார்கள். ஒரு தம்பதியின் பொழுதுபோக்கு ஒரு வனமாகவே நிற்கிறது!

ஆனால் உங்களையும் என்னையும் போன்ற குடும்பங்களைத் தாம்பரத்துக்கு இழுத்தது ஆஸ்பத்திரியும் அல்ல, கல்லூரியும் அல்ல. மின்சார ரயில்தான்.

1931-ஆம் வருஷம் மே மாதம் 11-ஆம் தேதி கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் பொது ஜனங்களுக்காக ஓட ஆரம்பித்தது. சுமார் 18 மைல். மீட்டர் கேஜ் பாதையில் இந்தியாவிலேயே அதுதான் முதல் மின்சார ரயில். கரிப்புகை இல்லை, வேஷ்டி வெள்ளையாகவே ஆபீஸ் போய்ச் சேர்ந்தது. ஒரு வண்டி தவறினால் அடுத்த வண்டி. ஸீஸன் டிக்கெட் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், மாசம் முழுவதும் கவலை இல்லை.

அதுவரை குமாஸ்தா வீடு என்றால் எப்படி இருந்தது? மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ஒண்டுக்குடித்தனம். ஒரு கூடம், ஓர் அடுப்பு, ஆறு குடித்தனத்துக்கு ஒரு குழாய். விடியற்காலை நாலு மணிக்குக் குடத்தை வரிசையில் வைக்காவிட்டால் அன்றைய சமையல் அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நாள் கணவர் வந்து, "தாம்பரத்துப் பக்கம் மனை சல்லிசாகக் கிடைக்கிறதாம்" என்று ஆரம்பிப்பார்.

"மாம்பலமே காடு. அதற்கும் அப்பாலா?" என்பாள் பாட்டி.

"கிணறு வெட்டினால் பதினைந்து அடியில் தண்ணீராம். கற்கண்டாக இருக்குமாம்."

அங்கேதான் மருமகள் நிமிர்ந்து உட்காருவாள். சொந்தமாக ஒரு கிணறு! யாரோடும் சண்டை போடாமல் இழுத்துக் கொட்டிக்கொள்ளலாம். வாழைக்கும் துளசிக்கும்கூட ஊற்றலாம். இருட்டின பின் பாம்பு வருமே, பக்கத்தில் டாக்டர் இல்லையே என்ற பயமெல்லாம் அந்தக் கிணற்றுக்கு முன்னால் நிற்கவில்லை. இப்படித்தான் ரயில் பாதையை ஒட்டி வீடு வீடாக ஊர் வளர்ந்தது. மனையைக் கிரயம் செய்தவர் ஆண்பிள்ளையாக இருக்கலாம். போகலாம் என்று தலையசைக்க வைத்தது அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

*

சரி, கிணற்றில் அந்தக் கற்கண்டுத் தண்ணீர் எப்படி வந்தது?

ஏரியிலிருந்து வந்தது. செங்கற்பட்டை ஏரிகளின் ஜில்லா என்றே சொல்வார்கள். வற்றாத ஆறு இல்லாத பூமி இது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையை வருஷம் முழுவதற்கும் பிடித்து வைக்கத் தெரிந்தவர்கள் நம் முன்னோர்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சரிகிற நிலத்தில் பிறை மாதிரி ஒரு கரை. வயலுக்குத் தண்ணீர் விட மதகு. ஏரி நிறைந்துவிட்டால் கரை உடையாமல் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கலங்கல். அந்தக் கலங்கலில் வழிந்தது கால்வாய் வழியாக அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. பந்தியில் முதல் இலைக்குப் பரிமாறிவிட்டு அடுத்த இலைக்கு நகர்கிற மாதிரி! எந்த ஊரும் பட்டினி இல்லை. எந்த ஊரும் மூழ்கவும் இல்லை. ஏரியில் நின்ற தண்ணீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊறியது.

ஏரிக்குக் கீழே வயல் இருந்தவரை மதகுக்கும் கலங்கலுக்கும் காவல் இருந்தது. ரயில் ஏறி வந்த நமக்கு வயல் இல்லை. ஆகையால் ஏரியும் கண்ணில் படவில்லை. கோடையில் காய்ந்து கிடந்த ஏரியைப் பார்த்து, "இவ்வளவு இடம் வீணாகக் கிடக்கிறதே!" என்றோம். இது தாம்பரத்தில் தொடங்கிய பழக்கமும் அல்ல. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரையே அமைத்தார்கள். பிறகு பாதையோரம் ஒவ்வொரு ஸ்டேஷனாக அதே கதை நடந்தது. ஏரிக்குள் மனை, கால்வாய் மேல் தெரு, கலங்கலை அடைத்துச் சுவர். மனை விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவர் கேட்கவில்லை, பதிவு செய்து கொடுத்த சர்க்காரும் தடுக்கவில்லை.

பழைய மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியோடு நின்று, முழுவதும் அகலப் பாதையாயிற்று. 2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியாகவே ஆகிவிட்டது. ரயில் நின்ற கிராமம் மாநகரம்! சந்தோஷம்தான். ஆனால் பதினைந்து அடியில் கற்கண்டுத் தண்ணீர் கொடுத்த கிணற்றை எத்தனை வீட்டில் மூடிவிட்டோம்? ஆழ்குழாயை இன்னும் நூறடி இறக்கி, அதுவும் போதாமல் லாரிக்குச் சொல்லி அனுப்புகிறோம். எந்தக் குடத்து வரிசைக்குப் பயந்து பாட்டி காலத்தில் ரயிலேறினோமோ, அதே குடத்து வரிசை தாம்பரத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது.

இது கோடைக் கதை. மழைக் கதை 2015-இல் நடந்தது. டிசம்பர் முதல் தேதி தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. தடத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டு மாடி வரை வெள்ளம். கிழக்கே ஏரியோரத் தெருக்களெல்லாம் மறுபடி ஏரி. ரயில்கள் நின்றன. ரயிலால் பிறந்த ஊருக்கு அன்று படகு வந்தது! கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றிதழையும் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு படகில் இறங்கிய பெண்களைப் படத்தில் பார்த்தோம். சில பேர் நேரிலேயே பார்த்தோம். தண்ணீர் யாரையும் பழிவாங்கவில்லை. தன் பழைய வழியில் போயிற்று. வழியில் நாம் குடியிருந்தோம், அவ்வளவுதான்.

*

அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்று பார்க்கலாம் வாருங்கள். மேற்கே பெய்தது பெரும்பாலும் அடையாற்றுக்குப் போகும். கிழக்கே சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளில் வழிந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். அங்கே கொஞ்ச காலம் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கும். பெரும்பகுதி தெற்கே திரும்பி, விறகுப் படகு போன அதே வழியில் மெல்ல நகர்ந்து, கடைசியில் முட்டுக்காட்டுக் காயலில் வந்து சேரும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். மழைக்காலத்தில் அது திறந்தால்தான் தென்சென்னைத் தண்ணீர் கடலைப் பார்க்கும்.

பார்த்தீர்களா? தாம்பரம் நாம் இறங்குகிற ஸ்டேஷன். முட்டுக்காடு தண்ணீர் இறங்குகிற ஸ்டேஷன். நமக்குக் கொடுத்த பாதையில் ஒரு கல்லைப் போட்டாலும் ரயில்வேக்காரர்கள் போலீஸைக் கூப்பிடுவார்கள். தண்ணீரின் பாதையிலோ வீட்டையே கட்டினோம். பள்ளிக்கரணையின் ஒரு மூலையில் பட்டணத்துக் குப்பையை மலையாகக் குவித்தோம். நல்ல வேளை, அந்தச் சதுப்பில் சுமார் 1247 ஹெக்டேர் 2022-இல் உலகப் புகழ் பெற்ற ராம்சார் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. சிட்லபாக்கத்தில் 2019-ஆம் வருஷக் கோடையில் ஊர்க்காரர்களே மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்குள் இறங்கிக் குப்பையை அள்ளினார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அதன் பிறகு அரசாங்கமும் ஏரியைச் சீர்ப்படுத்தப் பணம் ஒதுக்கியது.

"நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?" என்று கேட்காதீர்கள். உங்களுக்கு ஒரே ஒரு வேலை வைக்கிறேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன் பெயர் உங்களுக்குத் தெரியும். உங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரியின் பெயர் தெரியுமா? வாடகை வீடானாலும் பரவாயில்லை, பழைய குடித்தனக்காரர் யாரையாவது கேளுங்கள். அந்த ஏரியில் கலங்கல் எங்கே, வழிகிற தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று ஒரு நாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். தெரிந்து வைத்திருக்கிற ஏரியை யாரும் சுலபத்தில் மனையாக்கிவிட முடியாது.

அடுத்த முறை முட்டுக்காட்டில் படகு ஏறும்போது சின்னவன் மறுபடியும் கேட்பான்: "ஏம்மா, இவ்வளவு தண்ணியும் எங்கேயிருந்து வந்தது?"

"நம்ம ஊரிலேயிருந்துதாண்டா, கண்ணா" என்று சொல்லுங்கள். அப்படியே அவன் சட்டையையும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.